8 நொடி தாமதத் திரை: படத்துக்குள் படம் விழுவதை எப்படித் தடுப்பது?

நண்பர்களே, ஒரு நிறுவல் கலைக்கு யோசனை தேவை. திரை முன் நிற்பவருக்கு 8 நொடிக்கு முந்தைய தன் உருவம் தெரியும். அமெரிக்கக் கலைஞர் டான் கிரஹாம் 1974-ல் வீடியோ டேப்பில் செய்த அதே தாமதம்தான். இங்கே ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (4 ஜிபி நினைவகம்), வெப்கேம், ஓபன்சிவி என்ற படச் செயலாக்க மென்பொருள், புரொஜெக்டர்.

1080பி-யில் ஒரு ஃபிரேம் சுமார் 6.2 எம்பி, நொடிக்கு 30 வீதம் 8 நொடிக்கான 240 ஃபிரேமுக்கு 1.5 ஜிபி. அது தாங்குகிறது. ஆனால் வெளிச்சம் குறைந்ததும் கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர் (ஒளியளவைத் தானே சரிசெய்வது) நொடிக்கு 30 ஃபிரேமை 15 ஆக்க, 8 நொடி 16 ஆகிவிட்டது! எக்ஸ்போஷரைப் பூட்டி, ஃபிரேமை எண்ணாமல் நேர முத்திரை பார்த்து எடுத்ததில் சரியானது.

தீராதது இதுதான்: கேமரா திரையையும் பிடிப்பதால் படத்துக்குள் படம், சுரங்கம் போல. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரும் போட்டால் சுரங்கம் போய்விடுகிறது. ஆனால் முகம் மெழுகுபோல, கறுப்புச் சட்டைகூட வெளிறித் தெரிகிறது. ‘இது நான்தான்’ என்ற உணர்வே போனால் இந்த வேலைக்கு அர்த்தமில்லை.

புரொஜெக்டருக்குப் பதில் எல்சிடி திரை வைத்து, லென்ஸில் போலரைசரை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) எல்சிடி ஒளிக்குக் குறுக்காகத் திருப்பினால் நிறம் தங்குமா? கேமரா பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதும் அதற்குத் திரை முழுதாக இருளுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.