சூளகிரி–ஓசூர் பைக் பயணம், இரட்டைச் சுழி: சீப்பே தேவைப்படாத முடிவெட்டு எது?

கேள்வி: சூளகிரி ஷிப்ட்காரன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. வீடு சூளகிரியில், வேலை ஓசூர் சிப்காட்டில். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வருவதால், விடிவதற்கு முன்பே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பும் நாள்கள் அதிகம். போய் இறங்கி அதைக் கழற்றினால், முன்முடி நெற்றியோடு ஒட்டிக் கிடக்கும்; உச்சியில் எனக்கு இரட்டைச் சுழி என்பதால் அங்கே மட்டும் முடி சேவல் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும்.

கடந்த ஓராண்டாக, இரு பக்கமும் ஜீரோ மெஷின் போட்டு மேலே நீளமாக விடும் ஃபேட் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிய அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்தே நாளில் காதோரம் புதர் மண்டிவிடுகிறது. மாதம் மூன்று முறை சலூனில் காத்திருக்க எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஜெல் பூசும் பழக்கமும் கிடையாது. போதாக்குறைக்கு, குளிப்பது போர்வெல் தண்ணீர் என்பதால் முடி தேங்காய் நார் போல முரடாகிவிட்டது. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். மாதம் ஒரு முறை மட்டும் வெட்டிக்கொண்டு, சீப்பைத் தொடாமல் இருக்க வேண்டுமானால் சலூனில் என்னவென்று கேட்க வேண்டும்? டிரிம்மர் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தருமபுரி கத்திரிக்கோல்

தம்பி, நான் தருமபுரியில் சலூன் வைத்திருப்பவன். நாற்காலியை விட்டு எழும்போது கண்ணாடியில் தெரியும் முகத்தை வைத்துத்தான் பெரும்பாலானவர்கள் வெட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதம் ஒரு முறைதான் வருவேன் என்பவர், 25ஆம் நாள் அந்த முடி எப்படி இருக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வளரும். ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். எங்கள் மெஷினில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பில் 1 நம்பர் என்பது 3 மில்லிமீட்டர், 2 நம்பர் 6, 3 நம்பர் 10, 4 நம்பர் 13. ஜீரோ வைத்த இடம் பத்து நாளில் 1 நம்பரைத் தாண்டிவிடுகிறது. மேலே 40 மில்லிமீட்டர் இருந்த முடி 44 ஆனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெறும் தோலாக இருந்த இடத்தில் 4 மில்லிமீட்டர் முளைத்தால் ஊருக்கே தெரியும். ஃபேட்டின் அழகு பக்கத்துக்கும் மேலுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது, அந்த வேறுபாடு முதல் வாரத்திலேயே கலைந்துவிடுகிறது. அதை விரும்புகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரத்தான் வேண்டும். எங்களுக்கு வருமானம்தான், ஆனால் உங்களுக்கு அது சரிப்படாது.

உங்களுக்கு நான் வெட்டுவதாக இருந்தால், இரு பக்கமும் பிடரியும் 2 நம்பர் போட்டு, உச்சியில் 4 நம்பர் அளவுக்கு விட்டு, அங்கிருந்து நெற்றியை நோக்கி வரவரக் கத்திரியால் இரண்டு சென்டிமீட்டர் வரை நீட்டிக் கொண்டுவருவேன். மிலிட்டரி கட்டுக்கும் சாதாரண கிராப்புக்கும் நடுவில் நிற்கும் வெட்டு இது. மேலுக்கும் பக்கத்துக்கும் வேறுபாடு குறைவு என்பதால், வளர்ந்தாலும் ஒன்றுபோல வளரும்.

இரட்டைச் சுழியை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது. சுழிப் பக்கம் முடி ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் எல்லா முடியும் சேர்ந்து நிற்பதால் தனியாகத் தெரியாது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் தன் கனத்திலேயே படிந்துவிடும். இடைப்பட்ட நீளத்தில்தான் கொண்டை கிளம்பும். ஆகவே சுழி இருப்பதை வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் தெளித்து முடியைப் படிய வைத்துவிட்டால் அவசரத்தில் வெட்டுபவர் கண்ணுக்கு அது தப்பிவிடும், அந்த நீளத்தைத்தான் அவரும் விட்டுவைப்பார்.

இன்னொன்று பிடரி. பிளேடு வைத்துக் கட்டமாகக் கோடு போட்டால், கோட்டுக்குக் கீழே முளைக்கும் முடி ஒரே வாரத்தில் அழுக்குப் போலத் தெரியும். கோடு வேண்டாம், அப்படியே கரைத்து இறக்கிவிடுங்கள் என்று சொல்லுங்கள். கிருதாவைக் காதின் நடுப்பகுதியோடு நிறுத்தினால் போதும். போட்டோ கொண்டுவருவதானால், நடிகர் படத்தை விட்டுவிட்டு, நீங்களே 25ஆம் நாளில் எடுத்த படத்தைக் கொண்டுவாருங்கள். எங்கே புடைக்கிறது, எங்கே நிமிர்கிறது என்பது அதில்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை எங்கள் கடைகளுக்கு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஷிப்ட் தொழிலாளியான உங்களுக்குப் புதன்கிழமை காலை வாய்த்தால் நிதானமாக வெட்டிக்கொள்ளலாம்.

பதில்: பாலக்கோடு தக்காளி

டிரிம்மர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் பட்ட அனுபவம் இருக்கிறது. மூன்றாண்டுகளாக வீட்டில்தான் வெட்டிக்கொள்கிறேன். முதல் ஆண்டில், உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு முந்தைய இரவு, 2 நம்பர் சீப்பைச் சரியாக அழுத்தி மாட்டாமல் வலது காதுக்கு மேலே ஓட்டினேன். சீப்பு கழன்று மடியில் விழுந்தது. காதிலிருந்து உச்சி வரை ஒற்றையடிப் பாதை போல ஒரு வெள்ளைக் கோடு. வேறு வழியில்லாமல் முழுத் தலையையும் ஜீரோவாக்கினேன். மறுநாள் பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் திருப்பதியா பழனியா என்று விசாரித்தார்கள். என் மனைவி எல்லோரிடமும் பழனி என்று சொல்லிவிட்டார், அதனால் பஞ்சாமிர்தம் எங்கே என்ற கேள்வியையும் சமாளிக்க வேண்டியதாயிற்று.

சீப்பு ‘டக்’கென்று உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் இப்போது மெஷினைத் தலையில் வைக்கிறேன். தலையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு, வேண்டிய அளவுக்கு ஒரு நம்பர் கூடுதலாக வைத்துத் தொடங்கி, பிறகு இறக்குகிறேன். முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்ட வேண்டும். சுழி இருக்கும் இடத்தில் திசை வட்டமாக மாறுவதால், நான்கு பக்கமிருந்தும் ஓட்டினால்தான் சமமாக விழும். முடித்ததும் பல் இடுக்கில் உள்ள முடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, மெஷினோடு கொடுத்த எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, சில நொடி ஓடவிடுகிறேன். அதைச் செய்யாமல் விட்டால், சில மாதங்களில் அது முடியை வெட்டாமல் பிடுங்கத் தொடங்கும். பிடரியை நீங்களே வெட்ட முயல வேண்டாம். இரண்டு கண்ணாடி வைத்தும் எனக்கு வரவில்லை, வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். ஒரே வெட்டை எல்லா மாதமும் வெட்டுகிறவருக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். மேலே கத்திரி வேலை வேண்டும் என்றால், சலூனுக்குப் போய்விட்டு, இடையில் காதோரத்தை மட்டும் வீட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

பதில்: அரூர் ஆசிரியர்

தண்ணீர் பற்றிய ஒரு திருத்தம். இம்மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது உண்மை. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததற்கே அதுதான் முதற்காரணம். ஆனால் அது பல்லையும் எலும்பையும் தாக்குவது. முடியை முரடாக்குவது தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள். அவை சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டின் உள்விளிம்பில் பிசுக்கு வெள்ளை வளையமாகத் தெரிகிறதே, அதேதான். எனவே சோப்புக் கட்டியைத் தலைக்குத் தேய்க்காமல் ஷாம்பு போட்டுக் குளித்து, கடைசியில் ஒரு சொம்பு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். நீளமான முடிக்கு ஒரு சொம்பு போதாது, உங்களுடைய புது வெட்டுக்குப் போதும். இரண்டு சென்டிமீட்டர் முடிக்கு வயது இரண்டு மாதம்கூட நிரம்பியிருக்காது. உப்புப் படிந்து முரடாவதற்குள் அது கத்திரிக்கு வந்துவிடும்.

சூளகிரி ஷிப்ட்காரன்

எல்லோருக்கும் நன்றி. மேலே சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஓசூரில் நான் வழக்கமாகப் போகும் கடையிலேயே கொடுத்து வெட்டிக்கொண்டேன். இன்று 26ஆம் நாள். சுழிப் பக்கம் கொஞ்சம் நிமிரத் தொடங்கியிருக்கிறது, மற்றபடி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையால் ஒரு முறை தேய்த்துவிட்டால் போதும் என்ற நிலை. ஒரே ஒரு தொல்லை: முதல் வாரம் முழுவதும் பிடரியில், தலைக்கவசத்தின் உட்துணி உரசும் இடத்தில் சிறு சிறு சிவப்புப் பருக்கள் வந்து அரித்தன.

தருமபுரி கத்திரிக்கோல்

தம்பி, பழக்க தோஷத்தில் அவர் கடைசியில் பிடரிக்குப் பிளேடு போட்டிருப்பார். மழித்த முடி வளைந்து மீண்டும் தோலுக்குள் முளைக்கப் பார்க்கும்போது அப்படி வரும், மேலே துணி உரசினால் இன்னும் கூடும். அடுத்த முறை பிளேடு வேண்டாம், மெஷினோடு நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். தலைக்கவசத்தின் உட்துணி கழற்றக்கூடியதாக இருந்தால், வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். அதற்கும் அடங்காமல் பரு சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அது ஆறிய பிறகு வெட்டிக்கொள்ள வாருங்கள்.