ஃபோர்க் சீல் கசிவு: சீலுக்கு முன் பைப்பைப் பாருங்கள்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்க் கால்களான முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால், ஒரு ஜோடி சீல் (எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம்) வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். என் வண்டியில் ஒரு பணிமனை மாற்றிக் கொடுத்த புதுச் சீல்களில் இடப்பக்கத்தது மட்டும் வெகு சீக்கிரமே மறுபடி கசியத் தொடங்கியது. சீலின் தரம் சரியில்லை என்று அங்கே சொன்னார்கள். ஆனால் அதே பெட்டியிலிருந்து எடுத்து ஃபோர்க்கின் வலக்காலில் மாட்டிய சீல் ஒரு சொட்டுக்கூட விடாமல் நின்றது. அப்படியானால் குற்றம் சீலில் இருக்க முடியாது என்று தோன்றியதால், அடுத்த முறை வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்தேன். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

பைப்பை, அதாவது ஃபோர்க் காலின் குரோம் பூசிய மேல்குழாயைப் பார்ப்பது என்றால், எட்ட நின்று "பளபளவென்றுதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்வதன்று. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஃபோர்க் பைப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துக்கொண்டே சுற்றி வந்தேன். வண்டி தன் எடையில் நிற்கும்போது டஸ்ட் சீலுக்கு (எண்ணெய்ச் சீலின் மேல் உட்காரும் தூசித் தடுப்பு வளையம்) சற்று மேலே வரும் இடத்தில், முன்பக்கமாக, நகம் தட்டுப்பட்டது. கடுகைவிடச் சிறிய ஒரு துருக்குழி. அதன் ஓரத்தில் குரோம் உரிந்து கூர்மையாக எழும்பியிருந்தது. பழைய நைலான் துணியொன்றை அதன் மேல் இழுத்தபோது ஓர் இழை சிக்கிக்கொண்டு நின்றது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த இடம் சீலுக்குள் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் கூர்முனை சீலின் உள்விளிம்பை அறுக்கிறது, குழிக்குள் தங்கும் எண்ணெயும் வெளியே வருகிறது. இப்படிப்பட்ட பைப்பில் எத்தனை புதுச் சீல் மாட்டினாலும் அது வீண் செலவே.

குழி எப்படி வந்தது என்பதற்கு விடை பைப்பின் மேல் மாட்டியிருந்த ரப்பர் உறைக்குள் இருந்தது. தூசி படாமல் காக்கும் என்று நம்பி மாட்டப்படும் இந்த உறைகள், உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உறை போட்டிருப்பவர்கள் அவ்வப்போது அதை ஏற்றிப் பார்த்துத் துடைப்பது நல்லது என்பது என் கருத்து.

கசியும் ஒவ்வொரு ஃபோர்க்கையும் பிரித்தாக வேண்டும் என்பதும் இல்லை. சீலின் விளிம்புக்கடியில் சிறு மணல்துகள் சிக்கினாலே எண்ணெய் வழியும். டஸ்ட் சீலை மேலே நகர்த்திவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை, பழைய புகைப்பட நெகட்டிவ் கிடைத்தால் மிகவும் நல்லது, பைப்புக்கும் சீலுக்கும் இடையே செலுத்திச் சுற்றி இழுத்தால் அழுக்கு வெளியே வந்துவிடும். பிறகு துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். புதிய எண்ணெய் வளையம் தோன்றாவிட்டால் ஸ்பானரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

என் வண்டிக்கு அந்த வைத்தியம் போதவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. மேல் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கீழ் கிளாம்ப் பைப்பை இறுகப் பிடித்திருக்கும் நிலையிலேயே உச்சி மூடியைச் சற்றே தளர்த்திவிட வேண்டும். காலைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு அந்த மூடியைத் திறப்பது பெரும்பாடு. அதேபோல, பாட்டம் கேஸின் (பைப் உள்ளே போய்வரும் கீழ்க்குழாய்) அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டையும், உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்போதே அசைத்துவிட வேண்டும். இந்த போல்ட்தான் வீட்டில் வேலை செய்பவர்களில் பாதிப்பேரைப் பாதியில் நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் டேம்பர் ராடை (ஃபோர்க்கின் துள்ளலைத் தணிக்கும் தண்டு) பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே என்பதால், ஸ்பிரிங்கை எடுத்த பிறகு போல்ட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும். போல்ட் கழலவே கழலாது. எனக்கும் வலக்காலில் அப்படித்தான் சுற்றியது. முனையைச் சற்றுக் கூராகச் சீவிய துடைப்பக் கட்டையை மேலிருந்து உள்ளே விட்டு, ராடின் தலையில் இறுக அழுத்திக்கொள்ளும்படி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஆலன் கீயை ஒரே வெட்டாகத் திருப்பியபோது போல்ட் விட்டுக்கொடுத்தது. அதிரடியாகச் சுழற்றிக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூடியை முழுவதும் கழற்றும்போது முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. ஸ்பிரிங் அதைத் தூக்கி எறியும். உள்ளிருந்து வந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில், மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையோடு, அலுமினியத் துகள் மினுங்க வழிந்தது. இனி அதைத் திரும்ப ஊற்றுவதற்கில்லை.

பைப்பின் குழியைச் சரிசெய்வதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். குரோம் பூச்சு மிக மெல்லியது. அதைத் தேய்த்து மட்டமாக்கலாம் என்று இறங்கினால் பூச்சே போய்விடும். எழும்பி நிற்கும் ஓரத்தை மட்டும் நுண்ணிய எண்ணெய்க்கல்லால் தணித்து, குழிக்குள் இருந்த துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இரண்டு பகுதியாக வரும் எபாக்ஸி பசையை நிரப்பினேன். அது நன்றாக இறுகிய பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து, பைப்பைச் சுற்றிய வாக்கில் மட்டும் இழுத்தேன். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஏற்படும் நெடுக்குக் கீறல்கள் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடும். நகம் தடையின்றி வழுக்கிச் செல்லும் வரை இந்த வேலையை விடக் கூடாது. குழிகள் பலவாக இருந்தாலோ, குரோம் செதில் செதிலாக உரிந்தாலோ, இந்தப் பூச்சு வேலை நிலைக்காது; பைப்பை மாற்றுவதோ, கடினக் குரோம் பூசித் தேய்த்துக் கொடுக்கும் இடத்தில் கொடுப்பதோதான் வழி.

சீல் மாட்டுவது இதை நோக்க எளிது. வளைய ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழேயும், எழுத்துகள் பொறித்த பக்கம் மேலேயும் இருக்க வேண்டும். பைப்பின் மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, அதன் மேல் ஃபோர்க் எண்ணெய் தடவிச் சீலை இறக்கினால், கூர் விளிம்பில் ரப்பர் கிழியாது. பழைய சீலை மேலே வைத்து, அளவான பி.வி.சி. குழாயால் சமமாகத் தட்டி இறக்கலாம். சீலைப் பிடித்து நிறுத்தும் லாக் கிளிப் அமரும் பள்ளம் சுற்றிலும் முழுமையாகத் தெரிந்தால் சீல் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அடி போல்ட்டின் செப்பு வாஷரைப் புதிதாகவே போட வேண்டும். அதை மறுபடி பயன்படுத்தியவர்கள் அடியிலிருந்து கசியும் எண்ணெயைப் பார்த்துவிட்டுச் சீலைத் திட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

* * *

மேலே நண்பர் பைப்பைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். என்னுடைய வண்டியில் பைப் கண்ணாடி போல் இருந்தும் கசிவு நிற்கவில்லை என்பதால், வேறு இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்பதைக் கவனிப்பது. பைப்பை ஒட்டி வளையமாகத் தெரிந்தால் உள்விளிம்பில் குறை. என் ஃபோர்க்கிலோ டஸ்ட் சீலைத் தூக்கியபோது பைப் உலர்ந்திருந்தது. சீலுக்கும் பாட்டம் கேஸுக்கும் இடைப்பட்ட வெளிவட்டத்தில் எண்ணெய் நின்றது. முன்னர் யாரோ பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஸ்குரூடிரைவர் முனை அலுமினியத்தில் ஆழமான கோடு ஒன்றைப் போட்டிருக்கிறது. கோட்டின் மேடான ஓரங்களைத் தணித்து, வெளிவட்டத்தில் மிக மெல்லியதாகச் சீலன்ட் தடவிப் புதுச் சீலை இறக்கிய பிறகே அது அடங்கியது. நெம்பும்போது கேஸின் விளிம்பில் ஒரு மரத்துண்டையோ தடித்த ரப்பரையோ வைத்து, அதன் மேல் நெம்புகோலை ஊன்றிக்கொண்டால் இந்த வம்பே வராது. புஷ் (பைப் வழுக்கி ஓட உதவும் வளையம்) உள்ள ஃபோர்க்காக இருந்தால் நெம்பவே தேவையில்லை. அடி போல்ட்டையும் லாக் கிளிப்பையும் எடுத்துவிட்டு, பைப்பைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் புஷ்ஷே சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, எண்ணெயின் அளவு. முன்பக்கம் சற்று இறுக்கமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. உள்விட்டம் 26 மி.மீ. உள்ள பைப்பில் 10 மில்லி கூடினால் மட்டம் ஏறத்தாழ 19 மி.மீ. உயர்ந்துவிடும். எண்ணெய் அமுங்காது, மேலே இருக்கும் காற்றுதான் அமுங்க வேண்டும். அந்தக் காற்று பாதி இடத்துக்குள் நெருக்கப்படும்போது அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்றிடம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தம் அளவுக்கு மீறி எகிறி, முழுவதையும் சீலே தாங்க வேண்டியிருக்கும். எனவே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மெதுவாகப் பலமுறை இழுத்துத் தள்ளிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பின், பைப்பின் உச்சியிலிருந்து எண்ணெய் மட்டம் வரை உள்ள ஆழத்தை அளந்து, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இரண்டு கால்களையும் ஒன்றுபோல் கொண்டுவருவதே சரியான முறை. கையேடு மில்லிக் கணக்கு மட்டும் கொடுத்திருந்தால், அது முழுவதும் பிரித்துத் துடைத்த ஃபோர்க்குக்கான அளவா, வெறுமனே வடித்து மாற்றுவதற்கான அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெயால் இரண்டும் வேறுபடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெயின் பிசுப்பைக் குறிக்க 10 டபிள்யூ என்று ஒரே எண் போட்டிருந்தாலும், ஒரு நிறுவனத்தின் ஃபோர்க் எண்ணெயும் மற்றொன்றினுடையதும் ஒரே பிசுப்பில் இருப்பதில்லை. டப்பாவில் 40 டிகிரி செல்சியஸில் உள்ள பிசுப்பளவு அச்சிட்டிருந்தால் அதையே நம்பலாம்.

* * *

இரண்டு பதிவுகளையும் படித்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் ஒரு கேள்வியும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் கசியும் எண்ணெய் பாட்டம் கேஸ் வழியாக வழிந்து, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குப் போகிறது. நான் சக்கரத்தைக் கழற்றியபோது உள்பக்கப் பிரேக் பேடின் ஓரம் கறுத்து ஈரமாக இருந்தது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிட முடிந்தது. எண்ணெயை உறிஞ்சிய பேடை மட்டும் தூக்கி எறிந்துவிட்டேன். பேடைத் தணலில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்று சொல்பவர்களின் பேச்சை, முன் பிரேக்கை நம்பி ஓட்டுகிற யாரும் கேட்கக் கூடாது. காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாயான ஹோஸில் தொங்கக் கூடாது. காலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் யாரும் பிரேக் லிவரைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். முன்சக்கரம் இல்லாத வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி இதுதான். சீல், எண்ணெய் எல்லாம் மாற்றி முடித்து இப்போது கசிவு இல்லை. ஆனால் ஃபோர்க்கை அமுக்கினால் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரு பிடிப்பு தெரிகிறது. புதுச் சீல் என்பதால் இப்படியா, ஐயா?

* * *

புதுச் சீலில் இலேசான இறுக்கம் இருக்கும். ஆனால் கைக்கே தெரியும் பிடிப்பு பெரும்பாலும் சக்கர அச்சான ஆக்சிலில்தான் இருக்கிறது, தம்பி. ஆக்சிலையும் அதைப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டால், இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் ஓட்டினால் சீலும் புஷ்ஷும் ஒரு பக்கமாகவே தேயும். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஆக்சில் மட்டும் இறுகியிருக்க, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைச் சில முறை ஆழமாக அமுக்கி விடுங்கள். கால்கள் ஆக்சிலின் மேல் தாமாகவே நகர்ந்து நேராகும். அதன் பிறகு பிஞ்ச் போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். அப்போதும் பிடிப்பு போகாவிட்டால், காலை மறுபடி கழற்றி, பைப்பைத் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பாருங்கள்; அடியில் வெளிச்சம் கூடிக் குறைந்து தெரிந்தால் பைப் வளைந்திருக்கிறது, அதற்குச் சீலோ எண்ணெயோ பரிகாரம் ஆகாது.