மனசுல ஓடுறத நோட்ல எழுதி வைக்கிறவங்க இருக்கீங்களா? எப்படி எழுதுறீங்க?

மொட்டைமாடி_காத்து:
வணக்கம் மக்களே. டெய்லி மனசுல ஓடுறத எழுதி வெச்சா நம்மள நாமே கொஞ்சம் புரிஞ்சுக்கலாம்னு ரொம்ப நாளா ஒரு ஆசை, பேங்க்ல குடுத்த டைரி ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதுல ஆரம்பிச்சேன். ஆனா எழுதினத பாத்தா "காலைல லேட்டு, ஆபீஸ்ல டென்ஷன், நைட் தோசை"ன்னு தான் இருக்கு. இதுல என்னத்த புரிஞ்சுக்கிறது? அதுபோக நாங்க கூட்டுக் குடும்பம், பீரோவுல வெச்சாலும் யாராச்சும் எடுத்துப் பாத்துடுவாங்களோன்னு பயம், அதனால மாமியார் மேல கோவமா இருந்த அன்னிக்கு கூட "இன்னைக்கு அத்தை கொஞ்சம் டயர்டா இருந்தாங்க"ன்னு எழுதி வெச்சிருக்கேன் 😂 நோட்டா, போனா? உண்மையிலேயே பலன் இருக்கா?

கரிசல்_பேனா:
அத்தை டயர்டு சூப்பர் சிஸ்டர் 😂 ஆனா சிக்கலே அங்கதான். எவனோ படிப்பான்னு மனசு ஓரத்துல இருந்தாலே கை தானா மாத்தி எழுதும், முதல்ல அதுக்கு வழி பண்ணுங்க. பேங்க் டைரி வேண்டாம், தேதி போட்ட பக்கம் ஒரு நாள் விட்டாலும் காலியா நின்னு குத்தம் சொல்லும். பசங்களோட பழைய ரஃப் நோட்ல பின்பக்கமா எழுதுங்க, வீட்ல ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க.

நாள் முழுக்க நடந்தத எழுதாதீங்க. ஒரே ஒரு சம்பவம் போதும், யாரு என்ன சொன்னாங்க, அப்ப உங்களுக்கு டக்குனு என்ன தோணுச்சு, வெளில என்ன பதில் சொன்னீங்க. தோணினதுக்கும் சொன்னதுக்கும் நடுவுல தான் விஷயமே இருக்கு. "டென்ஷன்"னு எழுதுறத நிறுத்துங்க, அது எல்லாத்துக்கும் போடுற மூடி. அவமானமா, பயமா, பொறாமையான்னு பிரிச்சு எழுதிப் பாருங்க, பொறாமைன்னு எழுத கையே வராது, தனியா இருந்தாலும் வராது.

எழுதினத அப்பப்ப மொத்தமா படிக்கணும், அது ரொம்ப முக்கியம். எனக்கும் வீட்டம்மாவுக்கும் நடந்த சண்டையெல்லாம் கொழம்புல உப்பு, பைக் சாவி, டிவி சவுண்டுன்னு தான் எழுதிருந்தேன், சேத்து படிக்கிறப்ப தேதிய பாத்தா முக்காவாசி 20க்கு மேல, அதாவது சம்பளம் தீந்து போற நேரம். உப்பு மேல யாருக்கும் கோவமே இல்ல.

நடுராத்திரி_டீ:
நான் ஒத்துக்க மாட்டேன் ப்ரோ. எழுத எழுத எனக்கு அதே விஷயம் தான் சுத்தி சுத்தி வந்துச்சு, ஆறிப்போன கோவமெல்லாம் திரும்பிப் படிச்சா சூடாயிடுது. இப்பல்லாம் எழுதி முடிச்ச கையோட கிழிச்சுப் போட்டுடுறேன். மனசு லேசாகுது, யாரும் படிப்பாங்கங்கிற பயமும் இல்ல.

வரிக்குதிரை:
ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. சைக்காலஜில இந்தப் பேச்சு வந்தா ஜேம்ஸ் பென்னிபேக்கர் பேரு வராம இருக்காது, அமெரிக்காக்காரர், 1986ல வந்த ஆய்வு. காலேஜ் பசங்கள தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம் எழுத வெச்சாங்க, சில பேரு மனச ரொம்ப பாதிச்ச விஷயத்த எழுதணும், சில பேரு ஏதோ சாதாரண டாபிக். நடந்ததையும் அப்ப மனசுல பட்டதையும் சேத்து எழுதினவங்களுக்கு எழுதி முடிச்ச உடனே மூடு இன்னும் மோசமாத்தான் ஆச்சு, ஆனா அடுத்த சில மாசத்துல அவங்க ஹெல்த் சென்டர் பக்கம் போனது குறைஞ்சிருந்துச்சு. பெரிய மந்திரம்னு நெனச்சுடாதீங்க, பின்னாடி நெறைய ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப பலன் சின்னது தான்னு தெரிஞ்சுது.

நடுராத்திரி கேஸுக்கு இன்னொன்னு. பலன் கெடச்சவங்க எழுதினத அலசிப் பாத்தப்ப "ஏன்னா", "இப்ப புரியுது" மாதிரி வார்த்தைங்க நாளாக நாளாக கூடிட்டே போயிருக்கு. நேத்து எழுதின அதே புலம்பல இன்னைக்கும் எழுதுனா சுத்திட்டே தான் இருக்கும். அப்ப "நான்"ன விட்டுட்டு "நீ"ன்னு எழுதிப் பாருங்க. ரோம் சக்கரவர்த்தி மார்க்கஸ் அவ்ரேலியஸ், செத்து 1,800 வருஷத்துக்கு மேல ஆச்சு, டான்யூப் ஆத்துப் பக்கம் சண்டைக்குப் போன காலத்துல தனக்குத்தானே எழுதி வெச்சதுல பாதி இப்படித்தான் இருக்கும், காலைல எந்திரிக்க மனசு வரலன்னா என்ன சொல்லிக்கணும்னு கூட எழுதிருக்காரு 😄

தூக்கமே போற அளவுக்கு சுத்துச்சுன்னா நோட்ட மூடிட்டு ஒரு ஆள்கிட்ட பேசுங்க. டெலிமானஸ் 14416, மனநல உதவிக்கான அரசு நம்பர் தான், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

பாண்டி_மீன்கொடி:
எங்க பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளைய விட்டுட்டீங்களே! பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல அவங்களுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736ல இருந்து 1761 வரைக்கும் டைரி எழுதினாரு. கப்பல், வியாபாரம், பிரெஞ்சு கவர்னர் துப்ளே என்ன சொன்னாருன்னு ஊர்க்கதை தான் ஜாஸ்தி, ஆனா துப்ளே சம்சாரம் மேல இருந்த கடுப்ப கொட்டிருக்காரு பாருங்க, நேர்ல அவ்ளோ மரியாதை. சிஸ்டர், நீங்க அத்தைய பத்தி தைரியமா எழுதுங்க 😂

மொட்டைமாடி_காத்து:
எல்லாருக்கும் தேங்க்ஸ். ரஃப் நோட் ஐடியா நல்லாருக்கு, ஆனா பஸ்ல தான் எனக்கு நேரமே கெடைக்குது, அதனால போன் நோட்ஸ்ல எழுதிட்டு லாக் போட்டுக்கலாம்னு இருக்கேன், ஓகேவா?

வரிக்குதிரை:
ஓகே தான். ஆனா உங்க ஜிமெயில் வீட்டு டேப்லயும் லாகின் ஆகியிருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, நோட்ஸ் ஆப் பல இடத்துல சிங்க் ஆகும், போன்ல லாக் போட்டாலும் அங்க தொறந்து கெடக்கும்.

மொட்டைமாடி_காத்து:
ஐயோ. அந்த டேப்ல தான் அத்தை சீரியல் பாக்குறாங்க. ரஃப் நோட்டே போதும்.