பாரிஸில் தீட்டிய விவிலியத்தில் பாரசீக எழுத்து: கைமாறிய வழி எது?

கேள்வி – கீழக்கரைவாசி

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள, சிலுவைப்போர் விவிலியம் என்று அழைக்கப்படும் ஓவியச் சுவடியின் படங்களைச் சில நாட்களாகப் பார்த்து வருகிறேன். 1240களில் பாரிஸில் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் அந்தத் தோல் ஏடுகளில், தாவீதின் போர்க்காட்சிகளைச் சுற்றி இலத்தீன் வரிகளும் அவற்றை ஒட்டிப் பாரசீக வரிகளும் காணப்படுகின்றன. எங்கள் பாட்டனார் வைத்திருந்த அரபுத்தமிழ் கிதாபு ஒன்றின் முதல் தாளிலும் மூன்று பெயர்கள் மூன்று விதமான மையில் இருப்பதால் இதைக் கேட்கிறேன்: ஒரு சுவடி யார் யாரிடம் இருந்தது என்பதற்கு இத்தகைய குறிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மறுமொழி – பாம்பன் வாசகர்

நீங்கள் குறிப்பிடும் சுவடியில் முதலில் எழுத்தே கிடையாது. படங்கள் மட்டுமே இருந்தன. இலத்தீன் விளக்கங்கள் 1300ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் சேர்க்கப்பட்டவை. அதன்பின் நெடுங்காலம் அதன் போக்கு புலப்படவில்லை. பிறகு, போலந்திலுள்ள கிராக்கோவ் நகரின் ஆயரான கர்தினால் பெர்னார்ட் மாசியேயோவ்ஸ்கி அதைப் பாரசீக மன்னருக்கு அன்பளிப்பாகத் தருவதாக 1604 செப்டம்பரில் சுவடியிலேயே எழுதிவைத்தார். திருத்தந்தை எட்டாம் கிளெமெந்து அனுப்பிய கார்மேல் சபைத் துறவிகள் அதைச் சுமந்து சென்று, 1608 ஜனவரியில் இஸ்பகானில் ஷா அப்பாஸிடம் ஒப்படைத்தனர். படங்களின் பொருளைப் பாரசீகத்தில் எழுதச் செய்தவர் அவரே.

உங்களுக்குச் சுவையாக இருக்கக்கூடியது அடுத்த கட்டம். 1722இல் ஆப்கானியர் இஸ்பகானைக் கைப்பற்றிய பின் சுவடி அரண்மனையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். ஏனெனில் அதன் ஓரங்களில், பாரசீக யூதர்களின் வழக்கப்படி, பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய குறிப்புகளும் உள்ளன. தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படித்த ஊர்க்காரரான உங்களுக்கு இந்த வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. எழுதியவர் பெயரைச் சொல்லாமல் போனாலும், எந்தச் சமூகத்தின் வீட்டில் அந்தச் சுவடி விரித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை எழுத்து சொல்லிவிடுகிறது.

1833இல் அது லண்டன் ஏலத்துக்கு வந்து, பின்னர் கண்ட சுவடியையெல்லாம் வாங்கிக் குவித்த சர் தாமஸ் பிலிப்ஸிடம் சேர்ந்தது. 1916இல் இளைய மார்கன் அதை வாங்கினார்.

மறுமொழி – தொண்டிக்காரர்

மேலே உள்ளதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயிதான் இதைச் செய்வித்தார் என்று பலர் எழுதுவது ஓவியத்தின் தரத்தையும் காலத்தையும் வைத்துச் செய்யும் ஊகம். கர்தினாலின் எழுத்தோ கண்ணெதிரே இருக்கும் சான்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இன்னொன்று, எஞ்சியுள்ள 46 ஏடுகளில் 43 மட்டுமே மார்கன் நூலகத்தில் உள்ளன. இரண்டு பாரிஸிலுள்ள பிரான்சின் தேசிய நூலகத்திலும் ஒன்று லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கெட்டி அருங்காட்சியகத்திலும் இருப்பதால், கட்டிலிருந்து பிரிந்த ஏட்டுக்குத் தனி வரலாறு உண்டு. உங்கள் கிதாபில் பெயர்களை மட்டும் பார்க்காமல், பெயரை ஒட்டி என்ன வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். வாங்கினேன், எழுதினேன், ஓதினேன் என்பவை மூன்றும் வேறு வேறு.

மறுமொழி – கீழக்கரைவாசி

இருவருக்கும் நன்றி. உப்புக்காற்றில் விளிம்பு பொடிந்திருந்தாலும், இன்று காலை அந்தத் தாளைச் சன்னலோரம் வைத்துப் பொறுமையாக வாசித்தேன். முதற்பெயர் பிரதி செய்தவருடையது. மூன்றாவது பாட்டனாருடையது, அவர் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறார். நடுவில் இருப்பவரோ இதைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு (அறக்கொடை) செய்ததாக எழுதியிருக்கிறார். அப்படியானால் இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் இதைக் காட்டிக் கேட்கவிருக்கிறேன்.