புதுப்பிப்பு: பூனை உள்ள வீட்டுக்கு எந்தப் பூ?

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மேசையில் பூ ஜாடி வைக்க வேண்டும், வீட்டில் இரண்டு பூனைகள், எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ரோஜாவும் ஜெர்பெராவும் வாங்குங்க, லில்லி வேண்டவே வேண்டாம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கோயம்பேட்டில் இரண்டும் வாங்கி, முள்ளைக் கிள்ளிவிட்டு வைத்தேன். பூனைகளில் சின்னவள் ஒரு ஜெர்பெரா இதழை மென்று துப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. செவ்வந்தியையும் தவிர்த்தேன், தின்றால் வாந்தி வரும் என்றார்களே.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. சித்தி ஆசையாகக் கொண்டுவந்த பொக்கேயில் மூன்று வெள்ளை லில்லி. நான் பார்ப்பதற்குள் பெரியவனின் காதோரம் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தது. லில்லியின் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஆபத்து. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றிலிருந்து மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் அளவு ஏறவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான்.

பூஜைப் பூ பற்றிக் கேட்டவருக்கு: மல்லிகைச் சரம் பரவாயில்லை. அரளி மட்டும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், அது இதயத்தைத் தாக்கும். இனி வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே, "லில்லி வேண்டாம்" என்று சொல்லிவிடப் போகிறேன்.