மறு: சீட் பெல்ட் பாகங்களுக்குக் கலைச்சொல்

> இரண்டுக்கும் பொதுவாக 'இணைப்பு வன்பொருள்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். சீட் பெல்ட் தரங்களில் வரும் 'attachment hardware', 'anchorage' என்னும் இரண்டு சொற்களுக்கும் ஒரே தமிழ்ப் பெயர் போதும் என்கிறீர்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. வன்பொருள் என்றதும் கணினிதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு போல்ட், நட்டு, வாஷர், தகடு பற்றியது. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 'இரண்டுக்கும் பொதுவாக'.

அமெரிக்கக் கூட்டரசின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் எண் 209 பெல்ட்டைப் பற்றியது. பெல்ட்டை வண்டியோடு சேர்க்கும் சாமான்கள் (attachment hardware) அதில் வருகின்றன. எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்: எந்த வண்டியின் தரையிலும் பொருத்தலாம் என்று தரப்படும் வலுவூட்டும் தகடு எஃகாக இருக்க வேண்டும், தடிமன் குறைந்தது 1.5 மி.மீ., பரப்பு குறைந்தது 2,580 சதுர மி.மீ.; விளிம்பில் பிசிறு கூடாது, மூலை கூராக இருக்கக் கூடாது. தகடு சிறுத்தால் மோதலின் இழுப்பில் தரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கூர்மூலை இருந்தால் கிழிசல் அங்கேயே தொடங்கும். துருவைத் தாங்குமா என்று பார்க்கும் உப்புத் தெளிப்புச் சோதனை, தரையை ஒட்டிய பாகங்களுக்கு 50 மணி நேரம், மற்றவற்றுக்கு 25. ஈரமும் சேறும் படுவது கீழேதானே.

எண் 210 பார்ப்பது வேறு, அதாவது anchorage. இருக்கைச் சட்டம், அதன் கால், வண்டியின் உடல் என்று பெல்ட்டின் விசை போய்ச் சேரும் வழி முழுக்க அதில் அடக்கம். 209 சொல்லும் சாமான்களும் அதற்குள் வரும். இடுப்பும் தோளும் சேர்ந்த பெல்ட் என்றால் இரண்டு பகுதிகளையும் ஒரே நேரத்தில் தலா 13,345 நியூட்டன் விசையில் இழுத்து, 10 விநாடி தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். போல்ட் முறியாமல் தரையோடு பிய்ந்து வந்தாலும் தோல்விதான்.

ஒன்று மற்றொன்றின் பகுதி என்னும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், சோதனை அறிக்கையைத் தமிழில் படிப்பவருக்கு எது உடைந்தது என்றே தெரியாது.

ஆகவே முன்னதற்குப் 'பொருத்துறுப்பு', பின்னதற்குப் 'பிடிமானம்' என்று முன்மொழிகிறேன். பின்னதற்குச் சென்ற மடலில் வந்த 'பிணைப்பகம்' ஏதோ அலுவலகம் போல ஒலிக்கிறது. பிடிமானம் அப்படியில்லை. சுவரில் ஆணி நிற்காவிட்டால் "பிடிமானம் இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆணியை மட்டுமல்ல, சுவரையும் சேர்த்தே சொல்கிறோம். இங்கே வேண்டிய பொருளும் அதுதான். பெல்ட்டின் நெய்த பகுதிக்கு 'வார்' போதும். செருப்பு வார் என்று புழக்கத்தில் இருக்கிறதே.

அப்புறம், பெல்ட்டை உள்ளிழுக்கும் பாகத்துக்குச் 'சுருட்டி' எனலாமா? பக்கிளுக்கு என்ன சொல்லலாம் என்று பணிமனையில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது எழுதினால் நல்லது.