ஃபேஸ், ஸ்டேட்: 'அவத்தை'யா 'படிவம்'மா?

அன்பர்களே,
அளவீட்டுவழிக் குவாண்டம் கணிமைப் (குவாண்டம் பிட்டுகளான கியூபிட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தே கணக்கிடும் முறை) பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு வாக்கியம் இடிக்கிறது: 'ஒரே ஃபேசில் உள்ள அடிநிலை ஸ்டேட்டுகள் எல்லாம் கணிமைக்கு வளமாகும்.' ஃபேஸ் என்பது திண்மம், நீர்மம் போலப் பொருளின் வகை; அடிநிலை என்பது ஆற்றல் மிகக் குறைந்த ஸ்டேட். ஸ்டேட் என்பது 'நிலை' என்றாகிவிட்டது. ஃபேசை 'நிலைமை' என்றால், 'ஒரே நிலைமையில் உள்ள நிலைகள்' என்று வந்து நிற்கும். எது எதற்குள் அடங்கும்? 'கட்டம்' என்றால் அதே பத்தியில் அலையின் கட்டமும் வருகிறது: இரு கியூபிட்டும் 1 ஆனால் மட்டும் குறியை மாற்றும் கட்ட வாயில்.
– க.

> நல்ல சொல் வேண்டும்

இலங்கைப் பாடநூல்களில் 'அவத்தை' இருக்கிறதே. எதனோடும் மோதாது.
– இ.

> அவத்தை

வடசொல். பாதிப்பேர் 'அவஸ்தை' என்றே படிப்பார்கள். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகிப் பெறும் வடிவுக்குப் 'படிவம்' என்று பழைய சொல் உண்டு. நிலம் அதேதான், வெப்பம் ஏற இயல்பு திரிகிறது. ஃபேஸ் மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? 'படி' என்ற வேரில் படிதல், ஒப்பு, அளவு மூன்றும் இருக்கின்றன. மாற்றத்தைப் 'படிவத்திரிபு' எனலாம்.
– ம.

> படிவம்

ஐயா, இன்று படிவம் என்றால் விண்ணப்பம். சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று பாருங்கள். 2001-இல் ரவுசன்டார்ஃபும் பிரீகலும் பயன்படுத்திய கொத்துநிலை ஒரே ஒரு நிலை. கியூபிட்டுகளைக் கட்ட வாயிலால் அண்டைக்கு அண்டை பின்னி, ஒவ்வொன்றாக அளந்தால் கணக்கு நடக்கும். விடை தற்செயலானது என்பதால் அடுத்த அளவீட்டுக் கோணத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஹாமில்டோனியன் (அமைப்பின் ஆற்றலைக் குறிக்கும் கணிதக் கோவை) பிசகினால் அந்த நிலை கிடைக்காது. ஆனால் சமச்சீர்மை குலையாமல், அடிநிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி மூடாமல் இருக்கும்வரை ஃபேஸ் அதுவே. சமச்சீர் அச்சில் அளந்தால் தகவல் சிதையாமல் கடக்கும். சுழற்சி (கியூபிட்டின் நிலையைத் திருப்பும் செயல்) வேண்டுமானால் அச்சிலிருந்து சாய்த்து அளக்க வேண்டும். அப்போது கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சிதைவு நுழையும். அதனால் சுழற்சியைத் துண்டாக்குகிறோம். 100 துண்டாக்கி, இடையே ஒட்டுறவு நீளத்தைவிட (ஒரு கியூபிட்டின் தொடர்பு மற்றவற்றை எட்டும் தூரம்) நன்கு கூடுதலாக இடம் விட்டால் மொத்தப் பிழை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகும். இந்தச் செய்முறை ஃபேஸ் முழுதுக்கும் பொது. ஆகவே சொல்லுக்கு 'நிலைகளின் தொகுதி' என்ற பொருள் வேண்டும்.
– இ.

சைவ சித்தாந்தத்தில் சாக்கிரம் முதல் துரியாதீதம் வரை ஐந்து அவத்தை. உயிர் ஒன்று, அவத்தை பல. பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவத்தைக்கே என் வாக்கு.
– ப.

நான்கு பேரில் மூவர் 'அவத்தை' என்கிறோம். நாள் இல்லாததால் அதையே போடுகிறேன். 'கொத்து அவத்தை', 'அவத்தை மாற்றம்', 'வளநிலை'. 2019-இல் நிறுவப்பட்டதை இப்படி எழுதியிருக்கிறேன்: 'கியூபிட்டுகளின் ஒற்றைச் சங்கிலி ஒரு கியூபிட் செயல்களுக்கே போதும், இருபரிமாணக் கொத்து அவத்தை முழுவதும் எல்லாக் குவாண்டம் கணிப்புக்கும் வளமாகும்.' கூடவே, சமச்சீர்மை குலையாதவரை நீடிக்கும் ஃபேசுக்குச் 'சமச்சீர் காக்கும் அவத்தை'.
– க.

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. சொல்லடைவில் 'பொருட்படிவம்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 'பொருள்' முன்னொட்டு இருந்தால் விண்ணப்பக் குழப்பம் வராது. 'சமச்சீர் காக்கும் அவத்தை'யை மட்டும் விடாதீர்கள். பெயரெச்சம் இரு பக்கமும் சாய்கிறது, அவத்தைதான் சமச்சீரைக் காக்கிறது என்றும் படிக்கலாம். 'சமச்சீரால் காக்கப்படும்' என்று செயப்பாட்டுவினையில் எழுதுங்கள்.
– ம.